ஆறாயிரம் ரூபா நியமனம்

ஒரு நகரத்தில் கிடைக்கும் சம்பளத்தையும் அதைவிட மலிவான பிரதேசம் ஒன்றில் கிடைக்கும் சம்பளத்தையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்போர், வழமையாக வாடகை, சாப்பாடு, போக்குவரத்து ஆகிய மூன்றையும் கழித்துவிட்டு, மிச்சம் எங்கே கூடுகிறதோ அங்கே போவதுதான் புத்தி என்று முடிவுக்கு வந்துவிடுகின்றனர். கொழும்புக்கும் ஊவாவுக்கும் இடையில் அந்தக் கழித்தல் கணக்கு சரிவராது என்பதற்கு, 2014, 2015 ஆம் ஆண்டுகளில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு வழங்கப்பட்ட ஆசிரிய உதவியாளர் நியமனங்களைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அந்த நியமனத்துக்குத் தெரிவான வேறு பலரைப் போலவே இக்கட்டுரையாளரும் அப்போது கொழும்பில் சம்பளத்துக்கு இருந்தவர். நேர்முகப் பரீட்சைக்கும் நியமனக் கடிதத்துக்கும் இடைப்பட்ட மாதங்களில் அவர் போட்ட கணக்கும், அது எங்கே பிழைத்தது என்பதும் இங்கு நினைவிலிருந்து எழுதப்படுகின்றன.

ஊவா மாகாணம் பதுளை, மொனராகலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்டது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் மாவட்டந்தோறும் உத்தியோகபூர்வ வறுமைக்கோடு ஒன்றைக் கணித்து வெளியிடுகிறது; ஒருவர் தம் அடிப்படைத் தேவைகளை நிறைவு செய்துகொள்ள மாதமொன்றுக்கு ஆகக் குறைந்தது எவ்வளவு செலவிட வேண்டும் என்பதையே அக்கோடு குறிக்கும். அண்மைய ஆண்டுகளின் பட்டியல்களில் கொழும்பு மாவட்டம் தலையிலும் மொனராகலை மாவட்டம் அடியிலும் நிற்கின்றன. ஆயினும் 2024 ஆம் ஆண்டின் கணிப்புகளில் இவ்விரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ஆளொருவருக்கு ஏறத்தாழ 2,000 ரூபா மட்டுமே. மரக்கறி வெலிமடையிலும் பண்டாரவளையிலும் விளைந்து கொழும்புக்குப் போவதால் ஊவாவில் சற்று மலிவாகக் கிடைக்கலாம்; பருப்பு, சீனி, கோதுமை மா, பால்மா பெரும்பாலும் துறைமுகத்தில் இறங்கி மலையேறி வருபவை, ஆகவே மலைக்கு மேலே அவற்றின் விலை குறைய நியாயமில்லை. இதே திணைக்களத்தின் 2019 ஆம் ஆண்டு வீட்டு வருமான, செலவு அளவீட்டின்படி நகரத் துறையில் வறுமைக்கோட்டுக்குக் கீழ் வாழ்ந்தோர் நூற்றுக்கு 6 பேர். தோட்டத் துறையில் 51.3 பேர். மலிவான இடத்தில்தான் வறியவர் கூடுதல் என்றால், மலிவு என்ற சொல்லையே ஒருமுறை உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து பதுளை வரையான மலையகப் பாதை ஏறத்தாழ 290 கிலோமீற்றர் நீளமானது. 1885 இல் நானுஓயாவையும் 1894 இல் பண்டாரவளையையும் எட்டிய தண்டவாளம் பதுளையை அடைந்தது 1924 இல்தான். பெருந்தோட்டப் பொருள்களைத் துறைமுகத்துக்கு இறக்குவதையே முதல் நோக்கமாகக் கொண்ட அந்தப் பாதையில், பிற்காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளும் இறங்கத் தொடங்கினர். சாதாரண தரத்தோடோ உயர்தரத்தோடோ படிப்பை முடித்த பதுளை, பசறை, லுணுகலை, மடூல்சீமை, அப்புத்தளைப் பிள்ளைகள் புறக்கோட்டையின் மொத்தக் கடைகளிலும், செட்டியார் தெருவின் நகைக்கடைகளிலும், வெள்ளவத்தையின் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலைக்குச் சேர்ந்தனர். ஊரில் இதற்குத் தனிப்பெயர் எதுவும் இல்லை. 'கொழும்புல இருக்கான்' என்றாலே எல்லோருக்கும் விளங்கிவிடும், என்ன வேலை என்று அதற்குமேல் எவரும் துருவிக் கேட்பதில்லை.

இதற்கு மாறாக, அரசாங்க உத்தியோகம் என்ற சொல்லுக்குத் தோட்டங்களில் தனியொரு கனம் உண்டு. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், அவர்களுள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று ஆட்களைப் பங்கு பிரித்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003 இல்தான். பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அரசாங்க வேலை இல்லை என்பதால், தாத்தா பெறமுடியாததைப் பேரன் பெறுகிறான் என்ற எண்ணம் ஒவ்வொரு நியமனக் கடிதத்தோடும் கூடவே வந்தது. கடிதம் பெற்றவரின் வீட்டில் கோயிலுக்கு அர்ச்சனை வைப்பதும் லயத்துக்கே கேசரி கொடுப்பதும் வழமையாக இருந்தது என்றால், அது சம்பளத் தொகையைக் கொண்டாடியதாகாது. கொண்டாடத்தக்க தொகையாகவும் அது இருக்கவில்லை.

கட்டுரையாளர் கொழும்புக்குப் போனது 2006 இல், உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்ட பின்னர். பசறைப் பக்கத்து உறவினர் ஒருவர் வழியாகப் புறக்கோட்டையில் ஒரு மொத்த விற்பனை நிலையத்தில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. முதல் மூன்று ஆண்டுகள் சாப்பாடும் தங்குமிடமும் கடையோடு சேர்ந்தே இருந்தன. தங்குமிடம் என்பது கடைக்கு மேலே, துணிக்கட்டுகள் அடுக்கிய பலகைத் தட்டில் பாய் விரிக்கும் இடம். 2007 ஜூன் 7 அன்று கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் முந்நூறுக்கும் மேற்பட்டோர் பொலிஸாரால் பஸ்களில் ஏற்றி நகரத்துக்கு வெளியே அனுப்பப்பட்டபோது, மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து நிறுத்தும் வரையிலும், பலகைத் தட்டில் இருந்த ஐவரும் கீழே இறங்கவில்லை. பதுளை மாவட்ட முகவரி கொண்ட அடையாள அட்டையைச் சோதனைச் சாவடியில் நீட்டும்போது ஏன் வந்தாய், எங்கே தங்கியிருக்கிறாய் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லப் பழகுவதும் கொழும்புச் செலவுகளுள் ஒன்றுதான். எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அதற்கு ஒரு வரி இல்லை. பிற்காலத்தில் தெரியவந்த இன்னொன்றும் உண்டு: சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதம் பிடிக்கப்பட்டு, முதலாளியின் பங்கு 12 வீதத்தோடு சேர்த்து மத்திய வங்கிக்குப் போக வேண்டிய ஊழியர் சேமலாப நிதிப் பணம், அவ்வாண்டுகளில் பெரும்பகுதி போய்ச் சேரவே இல்லை. சம்பளத் துண்டில் பிடித்ததாக எழுதியவர் கட்டுரையாளர்தான் என்பது அதிலுள்ள கசப்பான வேடிக்கை.

இனி அந்த நியமனம் என்னவென்று சொல்ல வேண்டும். தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர் பற்றாக்குறையைத் தீர்க்க, உயர்தரம் சித்தியடைந்த இளைஞர், யுவதிகளை ஆசிரிய உதவியாளர் என்ற பெயரில் உள்வாங்கி, சில ஆண்டுகளில் ஆசிரிய கலாசாலைப் பயிற்சி அளித்து, அதன்பின் இலங்கை ஆசிரியர் சேவையில் சேர்ப்பது என்பதே திட்டம். பயிற்சி முடியும் வரை அவர்களுக்குக் கிடைப்பது சம்பளம் அன்று, மாதாந்தக் கொடுப்பனவு. அதன் தொகை 6,000 ரூபா. அதே காலத்தில் நடைமுறையிலிருந்த 2013 ஆம் ஆண்டின் கூட்டொப்பந்தத்தின்படி, அதாவது தொழிற்சங்கங்களும் முதலாளிமார் சம்மேளனமும் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையொப்பமிட்டு வந்த சம்பள உடன்படிக்கையின்படி, தோட்டத் தொழிலாளி ஒருவரின் நாட்சம்பளம் 620 ரூபா: அடிப்படை 450, வரவுக் கொடுப்பனவு 140, விலைப் பங்கு 30. பத்து நாள் கொழுந்து பறித்தால் ஆசிரிய உதவியாளரின் ஒரு மாதக் கொடுப்பனவைத் தாண்டிவிடலாம். மலையில் நிற்கும் பெற்றோர் தம் பிள்ளையின் வாத்தியாரைவிடக் கூடுதலாக உழைத்த ஒரு காலம் இந்நாட்டில் இருந்தது என்பதை இனி வருவோர் நம்பத் தயங்கக்கூடும்.

2014 இல் கட்டுரையாளரின் சம்பளம் 26,000 ரூபா. கடையின் பலகைத் தட்டை விட்டு, கொட்டாஞ்சேனையில் மூவர் பங்கிட்ட அறையொன்றுக்கு அவர் மாறியிருந்தார். பங்கு வாடகை 5,500. மூன்று வேளையும் கடைச் சாப்பாடு என்பதால் உணவுக்கு 9,000. பஸ், தொலைபேசி, சவர்க்காரம், சலவை என்று 2,000. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வரும் செலவை மாதத்துக்குப் பிரித்தால் 1,000. வீட்டுக்கு அனுப்புவது 8,000. மிஞ்சுவது 500, அதுவும் எல்லா மாதமும் அன்று. எதிர்ப்பக்கத்தில் 6,000 ரூபாவை எழுதி, பாடசாலைக்குப் போய்வரும் பஸ் கட்டணம் 1,200 ரூபாவைக் கழித்து, வாடகை என்ற இடத்திலும் உணவு என்ற இடத்திலும் கோடு போட்டுவிட்டால், அம்மாவின் கையில் கொடுக்க 4,800 ரூபா கிடைக்கும். ஆக, 26,000 ரூபாவுக்கும் 6,000 ரூபாவுக்கும் இடையில் கிடந்த பள்ளம் 20,000 ரூபா அன்று, 3,200 ரூபா மட்டுமே என்று விடை வந்தது. கணக்கெழுத்தில் எட்டு ஆண்டுப் பழக்கமுள்ளவர் போட்ட கணக்கு அது. கூட்டலிலும் கழித்தலிலும் பிழையில்லை. அறைத் தோழர்கள் இருவரும் அதைப் பார்த்து மலைத்துப் போனார்கள், அவர்களுள் ஒருவர் தாமும் விண்ணப்பித்திருக்கலாம் என்று வருந்தினார்.

பிழை அந்தக் கோடுகளில் இருந்தது. தோட்டத்துக் குடியிருப்பு வாடகைக்கு விடப்படுவதன்று. லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த வீடுகள். அதில் ஒரு குடும்பத்துக்குரிய அறையும் முன்திண்ணையும் சேர்ந்தது காம்பரா. 1992 இல் அரச தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோது, நிலத்தோடும் தொழிற்சாலையோடும் லயங்களும் சேர்ந்தே நீண்டகாலக் குத்தகையில் போயின. ஆகவே அந்தக் காம்பராவில் ஒரு குடும்பம் இருப்பதற்குக் காரணம், அக்குடும்பத்தில் ஒருவரின் பெயர் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில், இருப்பதுதான். அந்தப் பெயருக்கு எதிரே நாள்தோறும் விழும் வரவையே தோட்டத்தில் 'பேர்' என்பார்கள்: முழுநாள் வேலை ஒரு பேர், பாதி நாள் அரைப்பேர். கட்டுரையாளரின் வீட்டில் செக்ரோலில் இருந்த ஒரே பெயர் அம்மாவுடையது. அப்பா, மகன் உயர்தரம் எழுதிய ஆண்டிலேயே காலமாகிவிட்டார். தம்பி பசறை நகரத்தில் முச்சக்கர வண்டி ஓட்டத் தொடங்கியிருந்தார். வாடகை என்ற இடத்தில் போடப்பட்ட கோடு உண்மையில் அம்மாவின் பேர். உணவு என்ற இடத்தில் போடப்பட்ட கோடும் அவருடையதே. மகன் திரும்பி வந்தால் அந்த வீடு 8,000 ரூபாவை இழந்து, 4,800 ரூபாவையும் ஒரு வயிற்றையும் பெறும். ஊவா மலிவாகத் தெரிந்ததற்குக் காரணம் அங்கே விலை குறைவு என்பதன்று. விலையை வேறொருவர் முன்னரே கட்டிக்கொண்டிருந்தார் என்பதே.

கணக்குப் போட்ட அன்றே இது உறைக்கவில்லை. பெண்கள் 50 வயதில் சேமலாப நிதியைப் பெற்றுக்கொள்ளலாம் என்பது சட்டம். அம்மாவுக்கு அப்போது 52. முழங்கால் வலியால் அவ்வருடத்தோடு நின்றுவிடுவதாக அவர் சொல்லிக்கொண்டிருந்தவர். நியமனத்தைப் பற்றித் தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தபோது, தொகையைக் கேட்டு அவர் சிறிது நேரம் பேசாமலிருந்து, "நீ வா தம்பி, நான் இன்னும் ரெண்டு மூணு வருசம் மலைக்குப் போவேன்" என்றார். மகன் ஒரு தாளில் இரண்டு இரவு போட்டும் கண்டுபிடிக்காத தொகையை அவர் அந்த மௌனத்துக்குள் போட்டு முடித்திருந்தார்.

அந்த வீட்டு வருமானத்தின் ஏற்ற இறக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை ஊவாச் சரிவுகளில் வீசும் வறண்ட கச்சான் காற்று கொழுந்தின் வளர்ச்சியைக் கட்டிப்போட்டு, அதற்கொரு தனி மணத்தை ஏற்றுகிறது. ஊவாப் பருவம் என்று உலகச் சந்தையில் பெயர்பெற்ற தேயிலை அதுதான். 1883 தொடக்கம் நடந்துவரும் கொழும்புத் தேயிலை ஏலத்தில் அதற்கு நல்ல விலை விழும். ஆனால் அதே மாதங்களில் கொழுந்து அளவில் குறைவதால் மலையில் பேரும் குறையும். வழங்கப்பட்ட வேலைநாள்களில் நான்கில் மூன்று பங்குக்குப் போகாதவருக்கு 140 ரூபா வரவுக் கொடுப்பனவும் இல்லை. நாக்கில் மணக்கும் பருவம் அடுப்பில் மணப்பதில்லை. புறக்கோட்டையிலிருந்து போகும் 8,000 ரூபா அந்த மூன்று மாதங்களில்தான் உண்மையான பாரத்தைச் சுமந்தது.

முடிவு எடுக்கப்படாமலே இருந்த வேளையில், 2014 ஒக்டோபர் 29 அன்று காலையில், ஹல்துமுல்லைப் பிரதேசத்தில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தின் மேல் மலை சரிந்து விழுந்து, லயங்களை ஆட்களோடு மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலர் பிழைத்தனர். அவர்களுள் சிலருக்குத் திரும்பிப் போக வீடும் இல்லை, வீட்டாரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. கொட்டாஞ்சேனை அறையிலிருந்த ஒருவர் கொஸ்லந்தைப் பக்கத்தவர். இரத்தினபுரி, பெரகலை வழியாகப் போகும் பஸ்ஸில் அன்று மாலையே அவர் புறப்பட்டார், மற்ற இருவரும் கையிலிருந்ததைச் சேர்த்துக் கொடுத்தனர். வாடகை இல்லாத வீட்டில் இருப்பவர், வீடு எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கவும் முடியாதவர் என்பது கோடுபோட்ட அந்தத் தாளில் எங்கும் இல்லை. கொழும்பிலேயே இருந்து உழைத்துப் பசறை நகரத்தருகே ஏழு பேர்ச்சஸ் நிலம் வாங்கி அம்மாவை அங்கே குடியேற்றுவது என்ற யோசனை அந்த வாரத்தில் எழுந்தது உண்மை. மாதம் 500 ரூபா மிச்சம் பிடிப்பவரின் நில யோசனை எத்தனை நாள் நிற்குமோ அத்தனை நாள் நின்றது.

கடிதம் 2015 இல் வந்தது, கட்டுரையாளர் போனார். ஏன் போனார் என்பதற்கு அவரிடம் ஒழுங்கான காரணம் இல்லை. போனபின் கண்டுபிடித்த காரணங்கள் பல உண்டு, அவற்றை இங்கே எழுதுவது நேர்மையாகாது. பாடசாலையில் தரம் 2 உம் 3 உம் ஒரே மண்டபத்தில், இடையில் ஒரு கரும்பலகை மட்டுமே மறைப்பாக இருந்தன. முதற் கொடுப்பனவு மூன்று மாதம் கழித்து வந்தது. கோப்பு ஓர் அலுவலகத்தின் மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகாமல் கிடந்ததாகச் சொல்லப்பட்டது. அந்த மூன்று மாதமும் அம்மாவின் பேரில் சாப்பிட்டு, அம்மாவோடு மலையில் நிற்கும் பெண்களின் பிள்ளைகளுக்கு அவர் வாத்தியாராக இருந்தார். 'சேர்' என்று பிள்ளைகளும் பெற்றோரும் கூப்பிட்டது அந்நாள்களில் அவருக்குப் பெருமையைவிடக் கூச்சத்தையே கூடுதலாகத் தந்தது. பின்னர் கொடுப்பனவு 10,000 ரூபாவாக உயர்ந்தது. கொட்டகலை ஆசிரிய கலாசாலையில் இரண்டாண்டுப் பயிற்சி முடிந்ததும் ஆசிரியர் சேவையின் மூன்றாம் வகுப்பில் இணைப்பும் கிடைத்தது. அம்மா சொன்ன இரண்டு மூன்று வருடம் நாலரை வருடமாக நீண்டது.

அதன்பின் காலம் இரண்டு முறை அந்தத் தாளைத் திருப்பிப் போட்டது. 2020 மார்ச் 20 அன்று ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, மலையக இளைஞர்கள் பெருந்தொகையினர் கொழும்பின் அறைகளிலும் கடைத் தட்டுகளிலும் சம்பளமின்றி அடைபட்டனர். பழைய அறைத் தோழர் ஒருவர் தொலைபேசியில், அந்த 6,000 ரூபா கணக்கைப் பிற்பாடு கேலி செய்ததற்காக மன்னிப்புக் கேட்டார். 2022 இல் நிலைமை மறுபக்கம் சாய்ந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. அதற்கு முந்திய மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே பாய்ச்சலில் ஏறியது. ஆசிரியரின் நிரந்தரச் சம்பளம் நிரந்தரமாக ஒரே இடத்தில் நிற்க, முச்சக்கர வண்டிக்குப் பெற்றோல் இன்றித் தம்பி நாட்கணக்கில் வரிசையில் நின்றார். பதுளை மலிவு என்று அவ்வாண்டு எவரும் சொல்லக் கேட்டதில்லை.

அம்மா 2019 இன் இறுதியில் மலைக்குப் போவதை நிறுத்தி, சேமலாப நிதியையும் சேவைக்காலக் கொடுப்பனவையும் பெற்றுக்கொண்டார். அதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே, காம்பரா கைவிட்டுப் போகாதிருக்க வேண்டும் என்பதற்காக, தம்பியின் மனைவி செக்ரோலில் பெயர் பதிந்திருந்தார். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. இலங்கை ஆசிரியர் சேவையைச் சேர்ந்த கட்டுரையாளர் இன்றும் குடியிருப்பது அதே லயத்தில். அந்த வீடு நிற்பது தம்பி மனைவியின் பேரில்.